நடுவில் கருகிய கண்ணாடி

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லாரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. லேசர் ஒளியை ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்குத் திருப்பிவிடுகிற கண்ணாடி. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மொத்தம் பதினொன்று. அவற்றைத் துடைப்பதும், நேராக நிறுத்துவதும், கெட்டுப்போனால் மாற்றுவதும் முப்பது வருஷமாக அவள் வேலை. குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டுதான் அந்த அறைக்குள் பேசுவாள். எச்சில் துளி ஒன்று தெறித்தாலும் போச்சு. லேசர் பாயும்போது அந்த இடம் கருகிவிடும்.

அவளுக்கு மேலதிகாரி அவளுடைய சொந்தத் தம்பி. ஆறு வயசு இளையவன். படிக்கிற காலத்தில் அக்கா மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க வந்தவன், வாசலிலேயே நின்று “உள்ள என்னக்கா பண்றீங்க?” என்று நச்சரித்தான். அவள் யாரையோ கெஞ்சி அனுமதி வாங்கி உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். அதையே படித்தான். பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கிக் குழுத் தலைவனாகத் திரும்பி வந்தான். வேலை இடத்தில் அவள் அவனை ‘சார்’ என்பாள். அவன் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட மாட்டான். “கண்ணாடி ரெடியா?” என்பான், அவ்வளவுதான். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. இருந்தாலும் காட்டிக்கொள்கிற ரகமும் இல்லை.

அங்கே என்னதான் நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. அது தெரியாவிட்டால் நடந்த அநியாயம் உங்களுக்கு விளங்காது.

ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் குண்டான். சேம்பர் என்பார்கள். அதிலிருந்து காற்றை ஒரு பொட்டு விடாமல் பம்பு வைத்து உறிஞ்சிவிடுவார்கள். நடுவில் விரல் நகம் அளவுக்கு ஒரு செப்புத் தகடு. அதன்மேல் லேசர் ஒரே ஒரு அடி அடிக்கும். கண் இமைக்கிற நேரத்தைப் பத்துக் கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவு நேரம்தான் அந்த அடி. அதற்குள் தகட்டின் மேல்தோல் உருகி, ஆவியாகி, அந்த ஆவியின் அணுக்களும் பிய்ந்துபோய், மின்சாரம் ஏறின நெருப்புப் புகை மாதிரி ஆகிவிடும். அதற்குப் பெயர் பிளாஸ்மா. அது அடி வந்த திசையைப் பார்த்தே திருப்பிப் பீறும்.

சாதாரணமாக அது விரித்த குடை மாதிரி நாலாபக்கமும் பரவிக் கலைந்துபோகும். எப்போதாவது, எல்லாம் கூடிவந்தால், பரவாமல் ஊசி மாதிரி ஒல்லியாக, நீளமாக நேரே பாயும். அதுதான் தாரை. வானத்தில் புதிதாய்ப் பிறக்கிற நட்சத்திரங்களிலிருந்தும் இப்படித்தான் தாரை பாய்கிறதாம். அதை ஓர் அறைக்குள் உண்டாக்கிப் பார்ப்பதற்குத்தான் இத்தனை பாடு.

தம்பி ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். தகட்டைக் குழிக்க வேண்டாம், கூம்பாக்க வேண்டாம். வெறும் தட்டையான செம்பு போதும். செம்பின் பிளாஸ்மா தன் சூட்டைத் தானே வெளிச்சமாகக் கொட்டிவிட்டு ஒடுங்கிவிடும். அளவு மட்டும் சரியாக அமைந்தால் தானாகவே தாரை வரும் என்பது அவன் வாதம். நாலு வருஷம் அடித்துப் பார்த்தான். நாலு வருஷமும் குடைதான் வந்தது.

பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருத்தர் இருந்தார், வாய்க்கொழுப்புக்காரர். “சார் நல்லாக் குடைக் கடை வெச்சிருக்காரு. மழை ஒண்ணுதான் வரல,” என்பார். கண்ணாடியக்கா முறைப்பாள். “என்ன முறைக்கறீங்க? தம்பிக்கு வக்காலத்தா? ஒரு குடை நீங்களும் எடுத்துக்கங்க,” என்பார்.

சிரிப்புக்குப் பின்னால் பயம் இருந்தது. மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. தாரை காட்டினால் தம்பியின் குழு தொடரும். காட்டாவிட்டால் கலைத்துவிடுவார்கள். அவன் யாரோ ஒருத்தன் கீழே போய் உட்கார வேண்டியதுதான்.

இப்போது சோதனைத்தாள் விஷயத்துக்கு வருகிறேன். சேம்பருக்கு முன்னால் இருக்கிற கடைசிக் கண்ணாடி ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கும். தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் திறந்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்துவிட்டு, ‘பார்த்தேன், குறை இல்லை’ என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் பெட்டியைத் திறந்தால் ஈரக்காற்று புகுந்துவிடும். மறுபடி உலர்ந்த காற்றை ஓட்டித் தயாராக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு ஷாட், அதாவது இரண்டு லேசர் அடி, அடிக்கலாம். “வாரத்துக்கு ஒரு தடவை பாத்தாப் போதும்,” என்று தம்பிதான் சொன்னான். அதனால் திங்கட்கிழமை ஒருநாள் பார்த்துவிட்டு ஐந்து நாள் தாளிலும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். பம்புக்காரரும் அப்படித்தான். கேமராவைக் கவனிக்கிற பெண்ணும் அப்படித்தான். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. வேலை ஓடுகிற விதம் அது என்றுதான் நினைத்தார்கள்.

அந்த வாரமும் திங்கட்கிழமை பார்த்தாள், போட்டாள். புதன்கிழமை இரண்டாவது ஷாட்டில் தாரை வந்தது.

கேமராக்காரி திரையைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கினாள். பிறகு, “சார், குடை சுருங்கிடுச்சு சார்!” என்று கத்தினாள். எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தகட்டின் நடுவிலிருந்து, யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, வெள்ளை வெளேர் என்று ஒரு தாரை.

மறுபடி அடித்தார்கள். மறுபடி வந்தது. வியாழன், வெள்ளியும் வந்தது. மொத்தம் பத்தொன்பது ஷாட், பத்தொன்பது தாரை. பம்புக்காரர்கூட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கைதட்டினார். தம்பி நடைவழியில் ஓடிவந்து, அத்தனை பேர் பார்க்க அவளைக் கட்டிப்பிடித்து, “அக்கா! வந்துடுச்சுக்கா!” என்றான். வேலை இடத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் சட்டையில் வேர்வை நாற்றம். சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது அடித்த அதே நாற்றம் என்று அவளுக்குத் தோன்றியது. கண் நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே தம்பி நாலு இடத்துக்குப் படத்தை அனுப்பிவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போலப் பெட்டியைத் திறந்தாள். டார்ச்சை அடித்தாள்.

கண்ணாடியின் நடுவில், எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே நறுக்கி வைத்த அகலத்துக்கு, கருப்பாக ஒரு வட்டம். பூச்சு கருகி உரிந்திருந்தது. ஒரு தூசு உட்கார்ந்திருக்கும். முதல் ஷாட்டில் அது எரிந்திருக்கும். அடுத்தடுத்த ஷாட்டுகளில் எரிந்த இடம் வட்டமாகப் பரவியிருக்கும். செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்திருந்தால் அரிசி அளவிலேயே பிடித்திருக்கலாம்.

டார்ச்சை நேராகப் பிடித்து, கண்ணாடியிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சம் சுவரில் எப்படி விழுகிறது என்று பார்த்தாள். வளையமாக விழுந்தது. நடுவில் இருட்டு.

அவள் பெரிய படிப்புப் படிக்காதவள்தான். ஆனால் முப்பது வருஷம் அந்த ஒளியோடு குடித்தனம் நடத்தியவள். ஒரு நிமிஷத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. தம்பி எப்போதும் ஒளியை ஒரே புள்ளியில் குவிய விடுவதில்லை. குவிகிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே தகட்டை வைத்து, அடியை அகலமாக விழ வைப்பான். அதனால் கண்ணாடியில் நடுவில் இருக்கிற ஓட்டை தகட்டிலும் நடுவில் ஓட்டையாகவே விழும். வளையமாகப் பட்ட அடியில் வளையமாகவே பிளாஸ்மா கிளம்பும். நடுவில் வெற்றிடம். சுற்றிலுமிருந்து எல்லாம் நடுவை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு வந்தால் அது எங்கே போகும்? ஈரச் சோப்பைக் கைக்குள் வைத்துச் சுற்றிலும் அமுக்கிப் பாருங்கள். முன்பக்கம் விருட்டென்று பாயும். அதுதான் தாரை. தம்பி சொன்னபடி செம்பு தானாக ஒடுங்கவில்லை. அவள் பார்க்காமல் விட்ட கருகல்தான் ஒடுக்கியது. ஒளியைச் சரிபார்க்கிற கேமராவோ இந்தக் கடைசிக் கண்ணாடிக்கு முன்னாலேயே இருந்தது. அதில் எல்லாம் முழு வட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

கருகிய கண்ணாடியைக் கழற்றி மரப்பெட்டியில் வைத்தாள். புதுசு பொருத்தினாள். பிறகு தம்பியின் அறைக்குப் போனாள். அவன் போனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தான். கையை உயர்த்தி நில் என்று காட்டினான். நின்றாள். போனை வைத்ததும், “சார், கடைசிக் கண்ணாடி நடுவுல கருகியிருக்கு. போன வாரமே கருகியிருக்கணும். தப்பு என்மேலதான், நான் பாக்கல,” என்றாள்.

“மாத்தியாச்சா?”

“மாத்திட்டேன். ஆனா அந்தத் தாரை...”

“மாத்தியாச்சு இல்ல? அப்புறம் என்ன? போய் வேலையப் பாரு.”

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஷாட்டே சொல்லட்டும் என்று வந்துவிட்டாள்.

ஷாட் சொன்னது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் குடை. தம்பி தகட்டை மாற்றினான், தூரத்தை மாற்றினான், கேமராக்காரியைத் திட்டினான், பம்புக்காரரைத் திட்டினான். “என்னைத் திட்டினா குடை மடங்குமா சார்?” என்று கேட்டுவிட்டார் அவர். கண்ணாடியக்காவை மட்டும் அவன் திட்டவில்லை. அவள் இருக்கிற பக்கமே வரவில்லை. அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தான். அம்மா இருப்பது அக்காவோடுதான். ஞாயிறு தவறாமல் வருவான். அம்மாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டபடி ஏதேதோ பேசினான். பிறகு டம்ளரைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

“அக்கா, அந்தப் பழைய கண்ணாடி இருக்கா?”

“இருக்கு. எதுக்கு?”

“வியாழக்கிழமை குழு வருது. அன்னைக்கு ஒரு நாளைக்கு அதை மாட்டிடு.”

அவள் அடுப்பை அணைத்தாள். “ஏன்டா, நீ தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரிஞ்சுதான் பேசறேன். படம் நாலு இடத்துக்குப் போயிடுச்சு. இப்ப வந்து வரலன்னு சொன்னா, என்னை என்னன்னு நினைப்பாங்க?”

“இருக்கறதைச் சொல்லேன். வளையமா அடிச்சாத் தாரை வருதுன்னு எழுது. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. “அக்கா, வளையமா அடிச்சா வரும்னு எப்பவோ எழுதிட்டாங்க. அது பழைய கதை. தட்டைச் செம்புல சும்மா வருதுங்கறதுதான் புதுசு. அதுதான் என்னோடது.”

“அது நிஜம் இல்லையேடா.”

“நிஜமாத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் டைம் கிடைச்சா நானே நிரூபிச்சுடுவேன். அந்த டைமைத்தான் கேக்கறேன்.”

அவன் குரலை இறக்கினான். “நீ பாக்காமலே பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்க. அது வெளிய வந்தா உன் வேலைதான் மொதல்ல போகும். நான் உன்னைக் காப்பாத்தறதுக்கும்தான் சொல்றேன்.”

“பாக்க வேணாம்னு சொன்னதே நீதானடா?”

“எங்க எழுதியிருக்கு?”

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. “என்னடி அங்க அவனோட மல்லுக்கு நிக்கற? கேக்கறதைச் செஞ்சு குடேன். அவனுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?” என்ன கேட்கிறான் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

“பாத்தியா, அம்மாவே சொல்லியாச்சு,” என்று சொல்லி, சின்னப் பையன் மாதிரி பல்லைக் காட்டினான். அந்தப் பல்லைப் பார்த்துத்தான் அவள் ஏமாந்தாள், கண்ணுகளா. வேறொன்றையும் பார்த்து அவள் ஏமாறுகிறவள் இல்லை.

வியாழக்கிழமை காலை எல்லாரும் வருவதற்கு முன்னால் போய், புதுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கருகினதைப் பொருத்தினாள். எந்தத் திருகையும் அவ்வளவு மெதுவாக அவள் முறுக்கியதில்லை. அந்த வாரம் அவள் முன்கூட்டி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. தினமும் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் போட்டாள். இப்போது வியாழக்கிழமைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

‘கடைசிக் கண்ணாடியின் நிலை’ என்ற கட்டத்தில் எழுதினாள்: ‘நடுவில் எலுமிச்சை அகலத்துக்குக் கருகியிருக்கிறது. ஒளி வளையமாகத்தான் விழும். தெரிந்தே பொருத்தியிருக்கிறேன்.’

அடுத்த வரியில் ‘குழுத் தலைவர் சொன்னதால்’ என்று எழுதப் பேனாவை வைத்தாள். வைத்த பேனாவை எடுத்துவிட்டாள். நடைவழியில் கட்டிப்பிடித்தது ஞாபகம் வந்தது. அந்த ஒரு வரியை எழுதினால் அவன் தலை உருண்டுவிடும். அவனாகவே சொல்லட்டும். குழு இந்தத் தாளைப் படிக்கும், இது என்ன என்று அவனைக் கேட்கும், கேட்டால் அவனே ஒத்துக்கொள்வான். அவனாக ஒத்துக்கொண்டால் மரியாதை கொஞ்சமாவது மிஞ்சும். அப்படிக் கணக்குப் போட்டாள். கையெழுத்துப் போட்டு, கோப்பின் மேல்பக்கமாக, எவர் திறந்தாலும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள்.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைமை வகித்தவர் நரைத்த கிராப்பு வைத்த ஓர் அம்மாள். எல்லாரும் அவரை மேடம் என்றார்கள். கெட்டிக்காரர் என்று பெயர். தம்பி ஷாட் அடித்துக் காட்டினான். திரையில் தாரை பளிச்சென்று நின்றது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்கள். மறுபடி ஒரு ஷாட். மறுபடி தாரை.

“ரொம்ப அழகா இருக்கு,” என்றார் மேடம். “பதிவேடு பாக்கலாமா?”

தம்பி கோப்பை எடுத்து நீட்டினான். கண்ணாடியக்கா சுவரோரம் நின்றிருந்தாள். மேடம் கோப்பைத் திறந்தார். அவள் எழுதின பக்கம்தான் மேலே இருந்தது. மேடத்தின் கண் அதன்மேல்தான் இருந்தது. ஆனால் காது தம்பியிடம் இருந்தது. அவன் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மேடம் தலையாட்டிக்கொண்டே பேனாவை எடுத்து, அந்தத் தாளின் அடியில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த தாளில் போட்டார். அதற்கடுத்ததிலும் போட்டார்.

கண்ணாடியக்காவுக்கு வாய்வரை வந்தது. “மேடம், அந்த மொதல் பக்கம்...” என்று ஆரம்பித்தே விட்டாள்.

மேடம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நீங்கதான் அக்காவாமே? சொன்னாங்க. உங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்!”

தம்பி அவளைப் பார்த்தான். கெஞ்சலா மிரட்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாத பார்வை.

“ஆமாம் மேடம்,” என்றாள்.

அத்தோடு முடிந்தது. தம்பியின் குழு தொடர்ந்தது. தம்பிக்குப் பாராட்டு வந்தது. அவள் அன்று சாயங்காலமே கருகிய கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். அவன் தடுக்கவில்லை. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவள் எழுதினதை அவனும் படிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. யாருமே படிக்கவில்லை. உண்மையை ஒளித்து வைக்க அதைவிடப் பத்திரமான இடம் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது.

எட்டு மாசம் கழித்து வேறொரு ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கடிதம் எழுதினார்கள். அதே செம்பு, அதே தூரம், அதே சக்தி. அறுபது ஷாட் அடித்தும் எங்களுக்குக் குடைதான் வருகிறது, உங்கள் பதிவேடுகளை அனுப்புங்கள் என்று. அனுப்புவதற்காக யாரோ ஓர் எழுத்தர் கோப்பைப் பிரித்தார். அவர்தான் அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் படித்த மனுஷர்.

விசாரணை வைத்தார்கள். நீளமான மேஜை, மூன்று அதிகாரிகள், தண்ணீர் டம்ளர்கள். தம்பி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

தம்பியை முதலில் கேட்டார்கள். அவன் நிதானமாகச் சொன்னான்: “எனக்குத் தெரியாது. கண்ணாடி விஷயத்துல நான் அவங்களைச் சரிபாத்ததே இல்ல. சொந்த அக்கா, நம்பிட்டேன். அது என் தப்புதான். அந்தப் பொறுப்பை நான் ஏத்துக்கறேன்.” குரல்கூடத் தழுதழுத்தது. அதிகாரிகள் இரக்கத்தோடு தலையாட்டினார்கள்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்கள். மூத்த அதிகாரி கேட்டார்: “இது உங்க எழுத்துதானே?”

“ஆமாங்க.”

“தெரிஞ்சே பொருத்தியிருக்கேன்னு எழுதியிருக்கீங்க. ஏன் பொருத்தினீங்க?”

“தம்பி சொன்னான்.”

“அப்படி இதுல எழுதலையே?”

“எழுதலைங்க.”

“மத்த எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க. எலுமிச்சை அகலம்னு அளவுகூடப் போட்டிருக்கீங்க. அதை மட்டும் ஏன் எழுதல?”

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் எதிரே இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பியாச்சேங்க,” என்றாள்.

அதிகாரி சற்று நேரம் காத்திருந்தார். வேறு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார்போல. பிறகு குனிந்து எழுதினார்: ‘காரணம் கூறவில்லை.’ தலைகீழாகத் தெரிந்தாலும் அவளால் படிக்க முடிந்தது.

“அதுக்கு முந்தின தாள்களும் இருக்கு,” என்றார் இன்னொருத்தர். “குறை இல்லைன்னு அஞ்சு நாளுக்கும் ஒரே பேனாவுல போட்டிருக்கீங்க. பாக்காமலே கையெழுத்துப் போடற பழக்கம் உங்களுக்கு உண்டா?”

“உண்டுங்க. எல்லாருக்கும் உண்டு. அந்தப் பக்கத்துல கீழ மேடமும் போட்டிருக்காங்களே.”

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அந்தப் பதிலை எவரும் எழுதிக்கொள்ளவில்லை.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். தம்பி திருத்தக் கட்டுரை ஒன்று எழுதினான்: கண்ணாடிப் பழுதால் ஒளி வளையமாக விழுந்ததையும், அதனால்தான் தாரை உண்டானது என்பதையும் தாங்களே கண்டறிந்து அறிவிப்பதாக. தவறைத் தைரியமாக ஒத்துக்கொண்ட நேர்மைக்காக அவனைப் பல பேர் மெச்சினார்களாம். பம்புக்காரர்தான் வந்து சொன்னார். அன்றைக்கு அவருக்குக் கிண்டல் வரவில்லை. “நான் உள்ள வந்து சாட்சி சொல்லியிருக்கணும் அக்கா. நானும் அஞ்சு தாள்ல ஒண்ணாப் போடறவன்தானே, அதான் வாய் வரல,” என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

வேலை போன மூன்றாவது ஞாயிறு தம்பி வந்தான். முதல் இரண்டு ஞாயிறும் வரவில்லை. வேலை ஜாஸ்தி என்று அம்மாவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேலை போன விஷயத்தை அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. லீவு என்றிருந்தாள்.

அவன் அம்மாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான். அவள் வாசற்படியில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே அவன் சொன்னான்: “புது ஆளு ஒருத்தரைப் போட்டிருக்காங்க. அந்தக் கடைசிக் கண்ணாடியை அவருக்கு நேரா நிறுத்த வரல. ஒவ்வொரு ஷாட்டும் ஒதுங்கிப் போகுது. நீ ஒரு நாள் வந்து காட்டிக் குடுத்தாப் போதும். நான் வாசல்ல சொல்லி வெக்கறேன்.”

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாசலில் சொல்லி வைக்கிறானாம்.

“வர்றேன்,” என்றாள். “அதுக்கு முன்ன அம்மாகிட்ட ஒண்ணு சொல்லு. எனக்கு ஏன் வேலை போச்சுன்னு சொல்லு. உன் வாயால சொல்லு. எந்தத் தாள்லயும் எழுத வேணாம். சொன்னியானா இப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு வர்றேன்.”

“வேலை போச்சா?” என்று அம்மா எழுந்து உட்கார்ந்தாள். “என்னடா சொல்றா இவ?”

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் அவனைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. பிறந்ததிலிருந்து இருந்ததும் இல்லை. அவன் வாயைத் திறந்தான். திறந்த வாயால், “நேரமாச்சும்மா,” என்றான். எழுந்து, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள்: கருகல், வளையம், தாள், விசாரணை, ஒன்று விடாமல். அம்மா முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “அப்படி என்ன பெரிய கண்ணாடி? அதுக்காக ஞாயித்துக்கிழமை வர்ற பிள்ளையை வாசல்ல நின்னு விரட்டணுமா?” என்றாள்.

அம்மா இப்போது மகளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஞாயிறு மத்தியானம் ஆனால் கட்டில் ஓரத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம்விட்டு, சுவர்ப் பக்கமாக நகர்ந்து படுத்துக்கொள்கிறாள்.